மருமகள் கைக் காபி

"தீபிகா, உன் கையால ஒரு வாய் காபி குடும்மா. அப்புறமா பேசறேன்."

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே நாகராஜன் சொன்னதைக் கேட்டு மருமகள் திகைத்து நின்றுவிட்டாள். இவள் கையால் இனிப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் சொந்த ஊரான குருவிநத்தத்தில் ஊர் கேட்கச் சொன்ன மனுஷன். வளைகாப்புக்கும் வரவில்லை, பேத்தி பிறந்ததற்கும் வரவில்லை. இன்று மகன் குடியிருக்கும் மூலக்குளம் வரை பஸ் ஏறி வந்து நிற்கிறார்.

"காபித்தூள் இல்லியே மாமா. எனக்குப் பழக்கமில்ல, இவரும் டீதான்."

"தெரியும். நானே வாங்கியாந்தேன்" என்று மஞ்சள் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

கூடத்தில் மகன் ராஜேஷ்குமார் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். "இன்னாப்பா, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கற? போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனே."

"நீ மாசாமாசம் வந்துகினுதான் இருக்க. நான் இவளப் பாக்க வந்தேன்."

காபி வந்தது. இரண்டு மிடறு குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"போன மாசம் எனக்குக் குடலிறக்கத்துக்கு ஆபரேசன் பண்ணாங்க இல்ல. ஆஸ்பத்திரியில காபிய கண்ணுல காட்டல. மறுநாளே மண்டையப் பொளக்குது. கண்ணு சொக்குது. ஆரு பேசினாலும் எரிஞ்சு விழறேன். நீ நம்ம வூட்டுக்கு வந்தப்ப ஆரம்பிச்சுதே, அதே வலிம்மா."

அந்த வலியைத் தீபிகா மறப்பாளா? கல்யாணமாகி வந்த மறுநாளே மாமனார் தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு கட்டிலில் விழுந்தார். கரும்பு வெட்டு நேரத்தில் வயல் பக்கமே போகவில்லை. காபிகூட வாய்க்கு ருசிக்கவில்லை. மருமகள் வந்த நேரம் சரியில்லை என்று அவருடைய தங்கை ஆரம்பித்துவைத்தாள். மனைவி இறந்த பிறகு தங்கை சொல்தான் அவருக்கு வேதவாக்கு.

தான் வேலை பார்க்கும் சேதராப்பட்டு மாத்திரைக் கம்பெனிக்குப் பக்கமாக மூலக்குளத்தில் குடியிருக்க வேண்டும் என்று ராஜேஷ்குமார் கல்யாணத்துக்கு முன்னால் எத்தனையோ தடவை கேட்டவன். "நான் இருக்கறவரைக்கும் இந்தக் குடும்பத்துக்கு ரெண்டு அடுப்பு கிடையாது" என்று வாயை அடைத்தவரும் இதே நாகராஜன்தான். அவரே பத்தாம் நாள், வேறு வீடு பார்த்துக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார். சாமான் வண்டி தெருமுனை தாண்டிய அன்று சாயங்காலமே தலைவலி விட்டது. அதற்குமேல் சாட்சி வேறு வேண்டுமா என்று ஊரும் தலையை ஆட்டியது.

"டாக்டரம்மா இன்னா சொன்னாங்க மாமா?"

"சிரிக்கறாங்க. காபியில காஃபின்னு ஒண்ணு இருக்குதாம். ஒடம்பு அசந்துபோச்சு, தூங்குன்னு மூளைக்குப் போற சேதிய அது வழியிலயே மறிச்சிடுமாம். தலையில ரத்தக்குழாயையும் சுருக்கி வெக்குமாம். என்ன மாரி நாளெல்லாம் குடிச்சவனுக்குத் திடீர்னு நின்னுபோனா குழாய் விரிஞ்சு வலிக்குமாம். ஒரு டம்ளர் காபி குடுத்தாங்க. கொஞ்ச நேரத்துல தலை தெளிஞ்சுபோச்சு."

"அப்ப நான் வேளாவேளைக்குக் காபி போட்டுத்தான குடுத்தேன்?"

"அதத்தான் நானும் கேட்டேன். அது காபிதானான்னு திருப்பிக் கேட்டாங்க. வெறும் சிக்கரித்தூளா இருந்தா நெறமும் கசப்பும் இருக்குமாம், காஃபின் இருக்காதாம். கல்யாண சந்தடியில எவனோ கடைக்காரன் சிக்கரியக் கட்டிக் குடுத்துட்டாம்மா. அது தெரியாம உன்னத் தொரத்திட்டேன்."

சொல்லிவிட்டு மருமகளைப் பார்த்துக் கை கூப்பினார். அவள் பதறிப்போய் அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினாள்.

"ராசி இல்லாதவன்னு சொன்ன பாவி வாயி இது. கொழந்தைக்குக் காதுகுத்து நம்ம வூட்டுலதான் வெக்கணும். நீ வந்து வெளக்கேத்தணும். உங்க அத்த போனப்பறம் அந்த வூடு இருண்டு கெடக்குது."

"வுடுப்பா" என்றான் ராஜேஷ்குமார் அவசரமாக. "வர்றோம். பழசெல்லாம் எதுக்குக் கிளறிகினு?"

தீபிகா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு ராசி இல்லன்னு நானே நம்பிட்டேன் மாமா. வில்லியனூருல எங்கப்பா மளிகைக் கடைக்குக்கூட, போணி ஆகறதுக்கு முன்னாடி நான் காலெடுத்து வெக்கறதில்ல."

பெற்றவன் கடைப் படியையே ஒரு பெண் மிதிக்கப் பயப்படும்படி செய்துவிட்டோமே என்று நாகராஜன் கூனிக்குறுகிப் போனார்.

"அந்தக் கடைக்காரன் மட்டும் என் கையில கெடைச்சான்..." என்று பல்லைக் கடித்தார்.

தீபிகா காலி டம்ளரை எடுக்கக் குனிந்தவள் பாதியில் நின்றாள். எதையோ நினைவில் தேடுகிறவள்போல முகம் மாறியது.

"நாங்க கெளம்பற அன்னிக்கு அடுப்பங்கரையில இவருதான் தூள் டப்பாவக் கழுவி, புதுத்தூள் கொட்டி வெச்சாரு. அப்பா மேல எவ்ளோ பாசம்னு நெனச்சேன்." அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. பார்வை புருஷன் மேலேயே இருந்தது. "அதுக்கப்புறம் எங்கப்பா ஒருநாள் கேட்டாரு மாமா, 'கல்யாணத்துக்கு முன்னாடி மாப்ள வெறும் சிக்கரித்தூளா ஒரு கிலோ வாங்கினு போனாரே, அது ஆருக்கும்மா'ன்னு."

ராஜேஷ்குமார் குழந்தையின் கொலுசுத் திருகாணியைத் திருகிக்கொண்டே இருந்தான், தலையை நிமிர்த்தவில்லை.