நாலாம் வகுப்புக்குத் தகுதி

"ஏழாம் வகுப்புப் பொண்ணுக்கு நாலாம் வகுப்புப் பாடமா? நல்லா இருக்குடி உங்க கதை!"

பெரியம்மா சிரித்த சிரிப்பில் சோபாவே குலுங்கியது. ஹாஸ்டலோடு கூடிய ஒரு பள்ளிக்கூடத்துக்கு அவர் தலைமை ஆசிரியை. தங்கை மகளுக்கு இனி வீட்டிலேயே படிப்பு என்று கேள்விப்பட்டதும், தடுத்தே தீருவது என்று பெட்டியோடு வந்து இறங்கியிருந்தார்.

அம்மா போனைப் பார்த்தபடி திருதிருவென்று விழித்தாள். அவளுக்குப் பாலம் கட்டும் வேலை. ஒரு பாலம் முடிந்தால் அடுத்த ஊர், அடுத்த வீடு, மகளுக்கு அடுத்த பள்ளிக்கூடம். அலுத்துப்போய்விட்டது. வீட்டில் இருந்தபடி திரைச்சீலை தைக்கும் அப்பாவே சொல்லிக்கொடுக்கட்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். எந்தப் பாடத்திட்டம் என்பதுதான் பாக்கி.

ஒரு வாரமாக வீட்டில் அந்தக் கூத்துதான்.

முதல் பாடத்திட்டம் எல்லாவற்றையும் செய்து பார்த்துப் படிக்கச் சொன்னது. கன அளவுப் பாடத்துக்காகக் குளியலறையில் வாளி வாளியாகத் தண்ணீர் நிரப்பியதில், கீழ்வீட்டுக்காரர் தலையைத் துவட்டிக்கொண்டே மேலே ஏறி வந்தார். இரண்டாவது எல்லாவற்றையும் பாடச் சொன்னது. மழைக்காடுகளை அப்பா ராகம் போட்டு இழுக்க, மகள் விழுந்து விழுந்து சிரித்து விக்கல் வந்து, அன்றைக்குப் பாடம் அதோடு சரி.

மூன்றாவது கம்ப்யூட்டரில் வருவது. மாணவர் முதலில் ஒரு பரீட்சை எழுத வேண்டும். எந்த வகுப்பிலிருந்து தொடங்கலாம் என்று அதுவே சொல்லிவிடும். அந்த ரிசல்ட்தான் இப்போது அம்மாவின் போனுக்கு வந்திருந்தது.

'மாணவி நான்காம் வகுப்பிலிருந்து தொடங்கலாம். மனம் தளர வேண்டாம்.'

"மனம் தளர வேண்டாமாம்!" பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்பா தையல் மெஷினை நிறுத்தினார். "அது வந்து, அண்ணி..."

"அப்பா, நூல் சிக்கிடுச்சு பாருங்க!" என்றாள் மகள். வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர்.

நூல் எங்கேயும் சிக்கவில்லை. அப்பா குனிந்து தேடிக்கொண்டிருந்தார்.

"ஏன்டி, அரையும் காலும் கூட்டினா ஆறுல ரெண்டா?" போனில் விடைகளைப் பார்த்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "போன மாசம் வரைக்கும் பின்னமெல்லாம் நல்லாத்தானே போட்டே?"

"தூக்கம் வந்துச்சும்மா."

"பரீட்சை எழுதும்போதா?"

"அதுல என்ன, நல்லாத்தான் வந்துச்சு."

அப்பா எழுந்தே விட்டார். "அவளை விடும்மா. நான் சொல்றேன். உண்மையில..."

"ஐயையோ அப்பா, வாயில குண்டூசியை வச்சுக்கிட்டுப் பேசாதீங்க, முழுங்கிடுவீங்க!"

அப்பா ஒவ்வொரு குண்டூசியாக வாயிலிருந்து எடுத்தார். எடுத்து முடிப்பதற்குள் பெரியம்மா ஆரம்பித்துவிட்டார்.

"பார்த்தியா? பெத்த அப்பனைப் பேச விடுதா பாரு! நான் ஒண்ணுதான் கேக்கறேன். சொல்லிக்கொடுக்கிறவருக்கு முதல்ல பாடம் தெரியணும். மாப்பிள்ளைக்குத் தெரியுமா? தெரியாதுன்னா இப்பவே சொல்லுங்க. ஹாஸ்டல்ல ஒரு கட்டில் காலியா இருக்கு. இன்னைக்கே கூட்டிட்டுப் போறேன்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார்.

"அப்பாவுக்கு எல்லாம் தெரியும் பெரியம்மா," என்றாள் வாயாடி உற்சாகமாக. "எனக்குத்தான் மண்டையில ஏறலை. நான் சரியான மக்கு!"

ஏதோ பரிசு வாங்கியவள் மாதிரி பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். அம்மாவுக்குத்தான் சுருக்கென்றது.

"அக்கா, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா இழுத்தடிச்சது நான். இவளுக்குப் பாடம் விட்டுப்போச்சுன்னா அது என்னாலதான். மக்குன்னா மக்காவே இருக்கட்டும், எங்க கூடவே இருக்கட்டும். நாலாம் வகுப்புப் புத்தகத்துல இருந்தே ஆரம்பிக்கிறோம்."

"என்னமோ பண்ணுங்க. பட்டாத்தான் உங்களுக்குப் புத்தி வரும்."

பெரியம்மா பெட்டியைத் தூக்கினார். போகிற போக்கில் வாயாடியின் கன்னத்தைக் கிள்ளி, "மக்குக் கழுதை" என்றார். கழுதைக்கு அவ்வளவு சந்தோஷம்! அக்காவை பஸ் ஏற்றிவிட அம்மாவும் பின்னாலேயே இறங்கிப் போனாள்.

கதவு சாத்தியதுதான் தாமதம், அப்பா பொத்தென்று உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"ஏன்டா கண்ணு என்னைப் பேசவே விடலை? உனக்குச் சொல்லிக்கொடுக்க என்னால முடியுமான்னு பார்க்கத்தான் உன் பேர்ல அந்தப் பரீட்சையை எழுதினேன். என் மார்க்குக்கு நீ எதுக்குத் திட்டு வாங்கணும்?"

வாயாடி கம்ப்யூட்டரைத் திறந்து, அவருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"பொண்ணு மக்குன்னா அம்மா வீட்லயே வச்சுப்பாங்க. வாத்தியார் மக்குன்னு தெரிஞ்சா எனக்கு ஹாஸ்டல், நீங்க இங்க தனியா உக்காந்து அழுவீங்க. அரை மீட்டரையும் கால் மீட்டரையும் துணியில சரியாத்தானே வெட்டறீங்க? வாங்கப்பா, அம்மா வர்றதுக்குள்ள பின்னத்தை முடிச்சிடலாம்."