இரவல் பெயர்

“உன்ர பேரை எனக்கு ஒரு மணித்தியாலத்துக்குத் தாவன்” என்று கேட்டாள் சுகந்தினி.

ஜெஸ்லியா ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சீருடையில் குத்தியிருந்த பெயரட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, சுகந்தினியுடையதை வாங்கித் தன் நெஞ்சில் குத்திக்கொண்டாள். காரணம் கேட்டால் சொல்வதற்கென்று சுகந்தினி கட்டி வைத்திருந்த பொய் வீணாய்ப் போயிற்று.

எல்லாம் இந்தப் பெயரட்டையால் வந்த வினை. மாதம் முதலாம் திகதியிலிருந்து வைத்தியசாலையில் எல்லோரும் பெயர் குத்த வேண்டும் என்று உத்தரவு. யாரிடம் பேசுகிறோம் என்று நோயாளிக்கும் பார்க்க வருகிறவருக்கும் தெரிய வேண்டுமாம். நல்ல எண்ணந்தான், யார் இல்லை என்றது.

அதுவரைக்கும் சனத்துக்குத் தாதிமார் எல்லோரும் ஒரே ‘மிஸ்’தான். முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண், அவ்வளவுதான். அது எவ்வளவு பெரிய காவல் என்பது, மூன்று மொழியில் தன் பெயரை நெஞ்சில் சுமந்த பிறகுதான் சுகந்தினிக்கு விளங்கியது.

இரண்டு மாதத்துக்கு முன் கத்திக்குத்துப் பட்ட ஒருவரை வாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். உயிர் போவதற்கு முன், குத்தியவன் யார் என்று அவர் சுகந்தினியின் காதில் சொன்னார். அவள் அதைப் பொலிசில் சொன்னாள். குத்தியவன் இப்போது மறியல் சிறையில். அவனுடைய தமையன் வெளியில். வரும் செவ்வாய்க்கிழமை அவள் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வேண்டும். வழக்குத் தாளில் அவளுடைய பெயர் இருக்கிறது, முகம் இல்லை.

அன்று மத்தியானம் வாட்டுப் போன் அடித்தது. எடுத்தவள் சுகந்தினியே.

“சுகந்தினி மிஸ் இண்டைக்கு டியூட்டியோ?” ஆண் குரல், மிகவும் மரியாதையாக.

ஓம் என்பதா, இல்லை என்பதா என்று சுகந்தினி கணக்குப் போட்டாள். பின்னேரம் ஆட்களைப் பார்க்க விடுகிற நேரம் வருகிறேன் என்று அவனே சொல்லி வைத்துவிட்டான். அந்தத் தமையன்தான் என்று அவள் முடிவுகட்டினாள்.

தாதிமாருக்குப் பொறுப்பான மேற்றன் பெற்றிசியாவிடம் ஓடிப்போய் அரைநாள் லீவு கேட்டாள். ஆளில்லை என்று மேற்றன் கையை விரித்தார். பெயரட்டை இல்லாமல் யாரும் வாட்டில் நிற்கக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னார். சாட்சிக் கதையையும் போனில் வந்த குரலையும் சுகந்தினி அவரிடம் எடுக்கவில்லை. அங்கே சொன்ன கதை பஸ் நிலையம் வரைக்கும் போய்விடும். அதற்குப் பிறகுதான் ஜெஸ்லியாவிடம் வந்தாள்.

ஐந்து மணிக்குக் கதவைத் திறந்தார்கள். வாசலில் வழக்கம்போலப் படுத்திருந்த ஊர்க் கழுதைகளைச் சுற்றிக்கொண்டு, சாப்பாட்டுப் பைகளோடு சனம் உள்ளே வந்தது. சுகந்தினி மருந்து வண்டியைப் பிடித்தபடி ஆண்களின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வாட்டின் மற்ற முனையில் ஜெஸ்லியா கட்டில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். இருபத்துநாலு வயதுப் பிள்ளை. எந்நேரமும் காதோடு ஒட்டிக் கிடக்கும் அவளுடைய போன் இரண்டு நாளாக அணைந்து கிடந்தது, முகமும் வாடிக் கிடந்தது. என்ன என்று கேட்கவேனும் சுகந்தினிக்கு நேரம் வரவில்லை. இப்போது அந்தப் பிள்ளையைத்தான் தனக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. ஆனாலும் அட்டையைத் திருப்பிக் கேட்கக் கால் நகரவில்லை.

தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி ஒருவன் வந்தான். சுகந்தினி குத்தியிருந்த அட்டையை வாசித்தான், கடந்து போனான். நேரே ஜெஸ்லியாவிடம் போய்க் குனிந்து வாசித்தான். பிறகு பைக்குள் கையை விட்டான்.

கத்த வேண்டும். சுகந்தினி மருந்து வண்டிக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

“சுகந்தினி மிஸ், மத்தியானம் போன் அடிச்சது நான்தான்” என்றான் அவன். “போன கிழமை அம்மாவை நல்லாப் பாத்தனீங்களாம். உங்கட பேரை வாசிச்சு வச்சிருந்து, குடுத்துவிட்டவ.”

பையிலிருந்து வந்தது ஒரு கருவாட்டுப் பொதி.

சுகந்தினிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தனக்கு வந்த கருவாடு ஜெஸ்லியாவின் கைக்குப் போவதைப் பார்த்து முகக்கவசத்துக்குள் சிரித்துக்கொண்டாள். இதற்காகவா இவ்வளவு நேரமும் செத்துச் செத்துப் பிழைத்தோம் என்றிருந்தது.

அப்போது பக்கத்தில் ஒரு பெண் வந்து நின்றாள். தோட்டவெளிக் கிராமத்துப் பஸ்ஸில் வந்தவளாக இருக்க வேண்டும், சேலையெல்லாம் தூசி. கையில் ஒரு சுடுதண்ணிப் போத்தல். கோப்பையும் இல்லை, சாப்பாட்டுப் பையும் இல்லை. எந்தக் கட்டிலையும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பெயரட்டையை மட்டும் எழுத்தெழுத்தாக வாசித்தாள்.

“ஜெஸ்லியா மிஸ் நீங்களோ?”

பயம் தெளிந்த சந்தோசம் சுகந்தினிக்கு. இரவல் பெயரைக் கொஞ்சம் அனுபவித்துத்தான் பார்ப்போமே என்று தோன்றியது.

“ஓம், நான்தான். சொல்லுங்கோ.”

அங்கே ஜெஸ்லியா தலை நிமிர்ந்தாள். அந்தப் பெண்ணைக் கண்டதும் பொதியைக் கட்டிலில் போட்டுவிட்டு, சத்தமில்லாமல் பின்கதவால் வெளியே போனாள்.

வந்தவள் போத்தலின் மூடியை நிதானமாகத் திருகிக் கழற்றினாள். ஆவி குபுகுபுவென்று எழும்பியது.

“என்ர மனுசன்ர போனில இருக்கிற பேர் இதுதான்.”