ஷாஃப்டில் இரண்டு அம்புக்குறிகள்

மேலகரத்தில் எங்கள் வீட்டுக்கு எதிர்ப் பட்டறையில் ரப்பர் எஸ்டேட்டின் ஜீப் லாரி நிற்கிறது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. சாரல் தகரக் கூரையில் ஓயாமல் விழுகிறது. முப்பது மைல் வேகத்தைத் தொட்டதும் வண்டி உதறுகிறது. ஓட்டுகிற என் அண்ணன் மைதீன்தான் கெடுத்தான் என்று தெரிந்தால் அவன் வேலை போய்விடும். அதைத் தெரிந்துகொள்ளத்தான் மேனேஜர் குடையோடு நிற்கிறார். மெக்கானிக் சுடலைமுத்து, நின்ற இடத்திலேயே எஞ்சினை உறுமவிடுகிறார். உதறல் இல்லை. "எஞ்சின் இல்ல அய்யா, கீழதான்" என்று சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் நுழைகிறார். சக்கரங்களைச் சுழற்றும் நீண்ட ஷாஃப்டைத் துணியால் துடைத்து டார்ச் அடிக்கிறார். அதன் இரண்டு துண்டுகளிலும் ஒவ்வோர் அம்புக்குறி இருக்கிறது. இரண்டும் நேருக்கு நேராக இல்லை. துண்டுகள் ஒன்றில் ஒன்று செருகும் பற்களில் ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறது; உதறல் அதனால்தான்.

"ஏலே மைதீனு, இதக் கழத்துனது யாரு?"

"நாந்தான் அண்ணாச்சி. பெருநாளைக்கு வண்டியக் கழுவி, கிரீஸ் வச்சு மாட்டுனேன்." சொல்லும்போது அண்ணனின் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருக்கிறது.

சுடலைமுத்து கண்ணை மூடிக்கொள்கிறார். "நேரா மாட்டுனா தீந்துச்சு அய்யா. பய பிரியத்துல செஞ்சிட்டான்."

ஷாஃப்டு சரியாக ஏறியதும் மேனேஜரே ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்து, சாவிக்காக அண்ணனிடம் கையை நீட்டுகிறார். "நாளைக்கு வேற ஆளு வருவான்" என்கிறார், குரலை உயர்த்தாமல். செங்கோட்டைச் சாலையில் வண்டி வேகமெடுக்கிறது. அண்ணன் தலையைச் சாய்த்து, சத்தம் மறையும்வரை கேட்கிறான்.

"உதறல் நின்னுட்டு அண்ணாச்சி" என்கிறான்.