நோயில்லாத ஒருத்தி

மல்லசமுத்திரத்தில் சிறுநீரகம் கெட்டவர்களின் ரத்தமெல்லாம் இலக்கியாவுக்குக் கிடைத்துவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத பெண் ஒருத்திதான் இன்னும் கிடைக்கவில்லை. அவள் கிடைக்காவிட்டால் முனைவர் பட்டம் இன்னும் ஓராண்டு தள்ளிப்போகும். பிறந்த ஊர்தான், ஆனாலும் கேட்டவர்களெல்லாம் கையை விரித்துவிட்டார்கள். நடந்து நடந்து கால் வீங்கி, செருப்பு இறுகிவிட்டது.

"நல்லா இருக்கறவ ரத்தம் எதுக்குங்க அம்முணி?" களை வெட்டிக்கொண்டிருந்த சாலம்மாள் நிமிரவே இல்லை. "சோதிச்சுச் சோதிச்சு எங்களையும் சீக்காளியாக்கிப் போடுவீங்க."

"சோதிச்சா சீக்கு வந்துருமாங்க?"

"தெரியாத வரைக்கும் அது சீக்கில்லீங்க."

இலக்கியா சிரித்துக்கொண்டே திரும்பினாள். மறுநாள் கடைசிக் குப்பியும் சேலத்து ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இரண்டு நாள் கழித்து ஆய்வகத்திலிருந்து முபஷிர் அழைத்தான்.

"மேடம், நோயில்லாதவங்கன்னு கடைசியா ஒண்ணு குடுத்தீங்களே, குப்பி மாறிப்போச்சுங்களா?"

"இல்லையே. அவங்க நல்லாத்தான் இருக்காங்க."

"இல்லைங்க மேடம். கிட்னி பாதிக்கு மேல போயிருச்சு. உடனே டாக்டரைப் பாக்கச் சொல்லுங்க. பாவம், அவங்களுக்கே தெரியாது போல."

இலக்கியா குனிந்து, இறுகிய செருப்பைக் கழற்றினாள்.

"ஆளு எங்க இருப்பாங்கன்னு தெரியுமுங்களா?"

"தெரியும்" என்றாள் இலக்கியா.

அவளுடைய முழங்கை மடிப்பில், ஊசி குத்திய இடம் இன்னும் நீலமாகவே இருந்தது.