தெருவுக்கு ஒரு கார்புரேட்டர்

இரண்டாவது நட்டு கழல மாட்டேன் என்றது.

"சீக்கிரம், ஒடாலிஸ்! நமக்கு முன்னால ரெண்டே வண்டிதான்!" எவெலியோ வரிசையைப் பார்த்துக்கொண்டே கிசுகிசுத்தான்.

ஒடாலிஸ் எஞ்சின் இருக்கும் காரின் பின்பக்க மூடிக்குள் தலையை விட்டிருந்தாள். ஸ்பேனரை உள்ளங்கையால் ஓங்கி அறைந்தாள். போன வருடம் அரம் கிழித்து இடது கட்டைவிரலில் குறுக்கே ஓடிய வெள்ளைத் தழும்பு விண்ணென்று வலித்தது.

நட்டு கழன்றது.

ரஷ்ய மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டர் வெளியே வந்தது. வருடம் முழுக்க வண்டியை ஓட்டுவது அதுதான். துணி மூட்டையைப் பிரித்து, போலந்து கார்புரேட்டரை எடுத்து அந்த இடத்தில் உட்கார வைத்தாள்.

தெருவிலேயே அசல் அது ஒன்றுதான்.

அங்கிருக்கும் போலந்துக் குட்டிக் கார்கள் எல்லாமே வருடாந்திரச் சோதனைக்கு அதை மாட்டிக்கொண்டுதான் வரும். தேறியதும் சோதனை நிலையச் சுவருக்குப் பின்னால் கழற்றி அடுத்த வண்டிக்குக் கொடுத்துவிட வேண்டும். மற்ற நாளெல்லாம் எவெலியோ வீட்டு அரிசிப் பானைக்குள் அதற்குத் தூக்கம்.

எஞ்சினுக்கு உள்ளே இருக்கும் பிஸ்டன் ஏதோ கம்ப்ரஸரினுடையது. வால்வு ஒரு லாடா காருடையது. எல்லாம் அவளே கடைந்து, தேய்த்துப் பொருத்தியவை. அதை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. வெளியே தெரிவது அசலாக இருந்தால் தேறியதற்கான ஸ்டிக்கர். ஸ்டிக்கர் இருந்தால்தான் டாக்ஸி. டாக்ஸி ஓடினால்தான் வீட்டில் அடுப்பு.

"தேறிட்டா காபி எங்க வீட்டுலதானே?" எவெலியோ இளித்தான். "உங்க வீட்டுக் கெட்டிலுக்கு என்னதான் ஆச்சு? போன வருஷத்துலேர்ந்து எங்க வீட்டுலயே குடிச்சுத் தீர்க்கற!"

"உன் பெண்டாட்டி கைக்காபி ருசி. வாயை மூடிட்டு அந்த ஸ்பேனரை ஒளிச்சு வை."

அவள் முறை வந்தது.

சோதனை அதிகாரி ஹவானாவிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். கஞ்சி போட்ட சட்டை. குனிந்தார். டார்ச் அடித்தார். நிமிர்ந்தார்.

"கார்புரேட்டர் போலி."

ஒடாலிஸுக்குக் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

"என்னது?"

"போலி. வண்டியை ஓரங்கட்டுங்க."

"தோழரே, கண்ணு நல்லாத் தெரியுதா? போலந்துலேர்ந்து கப்பல்ல வந்த சாமான் இது! இந்த வண்டியில எதை வேணா போலின்னு சொல்லுங்க, நான் வாயைத் திறக்க மாட்டேன். என்னையே போலின்னு சொல்லுங்க. இதைச் சொல்லாதீங்க! வருஷா வருஷம் எத்தனை வண்டி இதை மாட்டிக்கிட்டு..."

பின்னால் எவெலியோ பலமாக இருமினான். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அதிகாரி நிதானமாக உள்ளே போனார். ஒரு மரப்பெட்டியோடு திரும்பினார். நீலத் துணிமேல் பளபளவென்று ஒரு கார்புரேட்டர்.

"ஒப்பிட்டுப் பார்க்க எங்க இலாகா வச்சிருக்கற அசல் சாமான். போன வருஷம் வாங்கினது. எழுத்து எவ்வளவு கூர்மையா இருக்கு பாருங்க. உலோகம் எப்படி மின்னுது? உங்களுது? எழுத்து பாதி அழிஞ்சாச்சு. நிறமும் மங்கிப் போச்சு."

"நாப்பது வருஷம் உழைச்சா நீங்களும்தான் மங்கிப் போவீங்க!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை.

அவளுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. பெட்ரோல் குடித்துத் தேய்ந்தது போலியாம். பெட்டிக்குள் படுத்திருப்பது அசலாம்! இவர் பேச்சை நம்பி ஒரு குடும்பம் பட்டினி கிடக்க வேண்டுமாம்!

"குடுங்க அதை! எது அசல்னு இந்த ஊரே பார்க்கட்டும்!"

பெட்டியிலிருந்து பிடுங்காத குறையாக எடுத்தாள். திருப்பினாள்.

அடிப்பக்கத்தில் சாய்வாக ஒரு கீறல். அரம் வழுக்கின கீறல்.

பிடித்திருந்த அவள் கட்டைவிரலுக்கு நேர் கீழே அது முடிந்தது. விரலின் வெள்ளைத் தழும்பு அதே சாய்வில் அங்கிருந்து தொடர்ந்தது.

அந்தக் கீறலை விரலால் ஒருமுறை தடவினாள்.

வாயில் வைத்து ஊதிப் பார்க்கத் தேவையில்லை. வெறும் உருக்கி வார்த்த அலுமினியம்; உள்ளே பெட்ரோல் போகத் துளையே கிடையாது.

"வித்தவங்க கோப்ரே மாதா மேல சத்தியம் பண்ணிக் கொடுத்தாங்களாம்," என்றார் அதிகாரி. "இப்பவாவது ஒத்துக்கறீங்களா?"

இதுதான் போலி என்று சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பாரே?

"ஒத்துக்கறேன்." பற்களுக்கு நடுவிலிருந்து வந்தது குரல்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள இதே மாதிரி ஒண்ணு மாட்டிட்டு வாங்க. இல்லேன்னா டாக்ஸி லைசென்ஸ் ரத்து. உங்களுக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும்தான்."

சுவருக்குப் பின்னால் வந்ததும் எவெலியோ வெடித்தான்.

"அசலைப் போய்ப் போலிங்கறான், நீயும் தலையாட்டிட்டு வர்ற! அவன் மூஞ்சியிலயே வீசியிருக்க வேணாமா? என் வண்டி என்ன ஆகறது? தெருவே என்ன பண்ணும்?"

ஒடாலிஸ் அசல் கார்புரேட்டரைக் கழற்றித் துணியில் சுற்றினாள். அவன் கையில் திணித்தாள். தழும்பை அழுத்தித் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"எவெலியோ, உங்க வீட்டுக் காபிக் கெட்டிலும் அலுமினியம்தானே?"