சினை மீன்

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய அன்று காலையில் ரெஜினாள் வாசற்படியை ஒட்டி உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தாள். நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவந்த மீன். வயிற்றைக் கீறியதும் உள்ளங்கை கொள்ளாமல் மஞ்சளாகச் சினை சரிந்தது. பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது.

"பாவம், முட்டை போடுற நேரம். ரெண்டு மாசம் அதுக நிம்மதியா இருக்கட்டும்," என்றான் அவள் புருஷன் எஸ்தாக்கி, பைக்குள் சட்டையைத் திணித்தபடி. இங்கே விசைப்படகுக்குத் தடை வந்தால் அவன் கொல்லத்துக்குக் கிளம்பிவிடுவான். அங்கே கடல் திறந்துதான் இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து இதே கதை. போன வருஷம் எல்லை தாண்டிப் பிடிபட்டு, அயல்நாட்டுச் சிறையில் வேறு கிடந்துவிட்டு வந்தான். வீட்டில் இன்னும் தொட்டில் கட்டவில்லை.

மீன் குடும்பம் நடத்த அரசாங்கமே கடலைச் சாத்திவைக்கிறது. தனக்காக ஒரு கதவைக்கூட யாரும் சாத்தியதில்லை.

"மீனுக்குப் பார்க்கிற பாவத்துல கொஞ்சம் எனக்கும் பாருங்களேன்."

"மீன்கூடவா போட்டி போடுவே?" என்று சிரித்துக்கொண்டே பையைத் தோளில் மாட்டினான்.

ரெஜினாள் மீன் ரத்தத்தில் விரலைத் தோய்த்து, வாசற்படியின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நிதானமாக ஒரு கோடு இழுத்தாள்.

"கடல்ல கோடு கண்ணுக்குத் தெரியலைன்னுதானே போன வருஷம் மாட்டுனீங்க? இது தெரியுதா?"

படிக்கு வெளியே கிடந்த செருப்பை நோக்கி அவன் தூக்கிய கால் அப்படியே நின்றது.