வாளியில் பத்து மணி

வேதவல்லியம்மாவைப் பத்து மணிப் பூச்செடி கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் ஜன்னலுக்கு வெளியே இருந்த அதன் ஓட்டை வாளியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "மணி பத்தாச்சு, மாத்திரையைப் போடுங்க" என்று உள்ளே கணவர் சிங்காரத்துக்குக் குரல் கொடுத்தார்.

அவர் இறந்த பிறகு தண்ணீர் ஊற்ற ஆளில்லை. வாளியில் மண் வெடித்தது.

"சிங்காரம் ஐயா என்னைத்தான் பார்ப்பார். உன்னை யார் பார்க்கப்போறா, பொடிசு?" என்றது ஜன்னலுக்கு உள்ளே இருந்த சுவர்க் கடிகாரம்.

அந்த வாரமே பேட்டரி தீர்ந்து, கடிகாரம் ஏழு இருபதில் நின்றது. மறுநாள் வெயில் ஏறியதும் செடி இருந்த தெம்பில் ஒரே ஒரு பூவை விரித்தது.

"ஏழு இருபதுக்கே என்ன அவசரம்?" என்று அதட்டியது கடிகாரம்.

"வெயிலைக் கேளுங்க அண்ணே."

சிங்காரம் மாத்திரையும் கையுமாக வந்து கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியே பூவைப் பார்த்தார். மாத்திரையை விழுங்கிவிட்டு, டம்ளரில் மிஞ்சிய தண்ணீரை வாளியில் ஊற்றினார்.

"நாளைக்கு எனக்குப் பேட்டரி போடுவார், பாரு."

"போடட்டும் அண்ணே."

ஒரு மழை நாளில் பூ விரியவில்லை. சிங்காரம் மாத்திரையோடு மத்தியானம் வரை ஜன்னலிலேயே நின்றார்.

"நான் ஓடினப்போ இப்படி நடந்ததுண்டா?" என்று கடிகாரம் கத்தியது. அவர் திரும்பவில்லை.

இப்போது வாளியில் ரோஸ் நிறத்தில் பதினொரு பூக்கள் இருக்கின்றன. கடிகாரத்தில் மணி ஏழு இருபது.